சுவரோடு சேர்ந்த அலமாரி: செய்வதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலமாரி செய்யப் போகிறோம் என்றதும் வீட்டில் முதலில் தொடங்குவது கதவின் நிறம் பற்றிய பேச்சுதான். அந்தப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். உள்ளே என்ன போகப் போகிறது, அதை யார் எடுக்கப் போகிறார்கள் என்பது முதலில். அதற்கேற்ற தட்டும் கம்பியும் அடுத்து. பலகை அதற்கும் பிறகு. கதவை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; உள்ளமைப்பு தவறிவிட்டால் தினமும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் இப்போது இருப்பதை அளப்பதிலிருந்து. கழிக்க வேண்டியதை முதலில் கழித்துவிடுங்கள். அப்புறம் ஒரு டேப்பை எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் துணி தொங்கும் கம்பியின் நீளத்தை அளந்து எழுதுங்கள். மெல்லிய ஹேங்கரில் ஒரு சட்டை 1 முதல் 1½ அங்குலம் இடம் பிடிக்கும். தடித்த கோட்டு 3 அங்குலம் வரை போகும். ஆக 40 சட்டைகள் வைத்திருப்பவருக்கு சுமார் மூன்றேகால் அடியிலிருந்து ஐந்து அடி வரை கம்பி தேவை. மடித்து வைக்கும் துணிக்கு, ஓர் அடுக்குக்கு 10 முதல் 12 அங்குல அகலம் என்று கணக்கிடலாம். கிடைக்கும் மொத்தத்தோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். நெருக்கித் திணித்த துணி கசங்கும். அதை எடுத்துப் போடவே மனம் வராது.

துணி அல்லாதவற்றையும் பட்டியலில் சேருங்கள்: பயணப் பெட்டிகள், போர்வை, உபரித் தலையணை, இஸ்திரி மேசை, வாக்யூம் கிளீனர், ஆவணக் கோப்புகள். இவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் புது அலமாரி வந்த பிறகும் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெட்டி நின்றுகொண்டே இருக்கிறது. வீட்டிலேயே பெரிய பெட்டி எதுவோ, அதன் நீள, அகல, உயரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இஸ்திரி மேசையை மடித்து நிறுத்தினாலும் பெரும்பாலும் 4 அடிக்கு மேல் உயரம் கேட்கும்.

அலமாரிக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்?

துணி தொங்கவிடும் பகுதிக்கு 24 அங்குலம், அதாவது 60 செ.மீ. காரணம் எளிது: பெரியவர்கள் துணிக்கான ஹேங்கர் 17 முதல் 18 அங்குல அகலம் இருக்கும். அதன் மேல் தொங்கும் தோள்பட்டையும் கையும் இருபுறமும் கொஞ்சம் வெளியே வரும். உள்ளே 22 அங்குலமாவது சுத்தமாகக் கிடைத்தால்தான் கதவு சட்டைக் கையைக் கடிக்காமல் மூடும். கம்பி, உள் ஆழத்தின் நடுவில் ஓட வேண்டும்.

ஸ்லைடிங் கதவு என்றால் அதன் தண்டவாளத்துக்கு மட்டும் 3 முதல் 4 அங்குலம் தனியாக வேண்டும். 24 அங்குலத்துக்குள்ளேயே ஸ்லைடிங் கதவையும் அடக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். துணி பாதையில் உரசும்.

அறையில் 16, 18 அங்குலம்தான் இருக்கிறதா? அப்போது குறுக்குக் கம்பியை விட்டுவிட்டு, முன்பக்கமாக இழுத்து வெளியே வரும் கம்பியைப் போடலாம். சட்டைகள் உங்களைப் பார்த்தபடி ஒன்றன் பின் ஒன்றாகத் தொங்கும். இல்லையென்றால் முழுவதும் தட்டுகளாகவே வையுங்கள். மடித்த துணிக்கு 14 முதல் 16 அங்குல ஆழம் தாராளம். அதற்கு மேல் ஆழமான தட்டில் பின்வரிசை ஒன்று தானாக உருவாகும். அங்கே போனது திரும்ப வெளியே வருவது வீடு மாற்றும்போதுதான்.

கம்பியும் தட்டும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

சட்டை, மடித்துத் தொங்கவிடும் பேன்ட் போன்ற குட்டையான துணிகளுக்கு 38 முதல் 40 அங்குல உயரம் போதும். அதனால் ஒரே அகலத்தில் இரண்டு கம்பிகள் போடலாம்: கீழ்க்கம்பி தரையிலிருந்து 40 அங்குலம், மேல்கம்பி 80 அங்குலம் அளவில். முழுநீளக் கவுன், நீண்ட கோட்டு ஆகியவற்றுக்கு 60 முதல் 66 அங்குலம் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நீளமான துணி கொஞ்சம்தான் இருக்கும்; அதற்காக முழு அலமாரியையும் ஒற்றைக் கம்பியாக விட்டால், சட்டைகளுக்குக் கீழே பாதி அலமாரி வெறும் காற்று.

80 அங்குலம் எல்லோருக்கும் எட்டாது. தினமும் அந்தக் கம்பியைப் பயன்படுத்தப் போகிறவரைச் சுவர் முன் நிறுத்தி, குதிகால் தூக்காமல் கை எட்டும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி அந்தக் குறிக்குக் கீழே இருக்கட்டும். அது முடியாதபோது, கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் கீழே இறங்கி வரும் கம்பி உதவும்.

கம்பிக்கு மேலே தட்டு இருந்தால் நடுவில் குறைந்தது 2 அங்குலம் விட வேண்டும், ஹேங்கரைத் தூக்கிக் கழற்ற. கம்பி 3 அடிக்கு மேல் நீண்டால் நடுவில் ஒரு தாங்கி போடச் சொல்லுங்கள்.

தட்டுகளுக்கு இடையே 10 முதல் 12 அங்குலம். இதைத் தாண்டினால் அடுக்கு சரியும். காலணிக்கு 6, 7 அங்குலம் போதும். ஒரு ஜோடிக்கு 8 முதல் 9 அங்குல அகலம். முடிந்தவரை தட்டுகளை ஆணியடித்து நிலையாக்காமல், பக்கப் பலகையில் வரிசையாகத் துளை போட்டு, ஊசித் தாங்கிகளின் மேல் உட்காரச் செய்யுங்கள். தொழிற்சாலையில் செய்யும் அலமாரிகளில் 5 மி.மீ. துளைகள் 32 மி.மீ. இடைவெளியில் வருவது உலகம் முழுக்கப் பழகிய முறை. தேவை மாறும்போது தட்டு நகரும்.

டிராயரா, தட்டா?

இடுப்புக்குக் கீழே டிராயர், இடுப்புக்கு மேலே தட்டு. இந்த ஒரு விதி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். கீழ்த்தட்டில் பின்னால் இருப்பதைப் பார்க்க முட்டி போட வேண்டும். டிராயர் அதையே உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தும். உள்ளாடை, காலுறை, பெல்ட்டுக்கு 5 முதல் 6 அங்குல உயர டிராயர். கனமான மடிப்புத் துணிக்கு 8 முதல் 10. கண் உயரத்துக்கு மேல் டிராயர் வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

டிராயர் ஓடும் தண்டவாளமான சேனல் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். டிராயர் முழுவதும் வெளியே வரும் சேனலைக் கேளுங்கள். முக்கால் பங்கு மட்டும் வருவது, பின்பக்கக் கால் பங்கை வீணாக்கும். பக்கவாட்டில் பொருத்தும் சேனலுக்கு இருபுறமும் அரை அங்குலம் போய்விடும் என்பதையும் உள் அகலத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

கதவுக்குப் பின்னால் டிராயர் வரும் இடத்தில் ஒரு சிக்கல் உண்டு, வரைபடத்தில் இது தெரியாது. கதவு திறந்து நிற்கும்போது அதன் தடிமனும் கீலும் உள் அகலத்தில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். டிராயரைப் பக்கப் பலகையோடு ஒட்டிப் பொருத்தினால் இழுக்கும்போது கதவில் இடிக்கும். கீல் இருக்கும் பக்கம் ஒன்று முதல் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கட்டை வைத்து டிராயரை உள்ளே தள்ள வேண்டும். வேலை தொடங்கும் முன்பே தச்சரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

கீல் கதவா, ஸ்லைடிங் கதவா?

இடம் இருந்தால் கீல் கதவு. திறந்தால் உள்ளே இருப்பது முழுவதும் ஒரே பார்வையில் தெரியும், தூசி குறைவாகப் போகும், பழுதானால் சரிசெய்வது சுலபம். அலமாரிக்கு முன்னால் 30 முதல் 36 அங்குலம் நடக்க இடம் வேண்டும். கதவு ஒவ்வொன்றும் 18, 20 அங்குல அகலத்துக்குள் இருந்தால் கீலுக்கும் நல்லது, நிற்கும் ஆளுக்கும் நல்லது. கதவின் உயரம் 3 அடி வரை என்றால் இரண்டு கீல் போதும். 5 அடிக்கு மூன்று, ஆறரை அடிக்கு நான்கு, 8 அடிக்கு ஐந்து. கண்ணாடி பதித்த கதவு கூடுதல் கனம். ஒரு கீல் கூட்டிக்கொள்ளலாம்.

கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நெருக்கடி என்றால் ஸ்லைடிங் தவிர வழியில்லை. அதில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். எனவே உள்ளே இருக்கும் பிரிவுகளைக் கதவின் அகலத்தோடு பொருத்தி அமைக்க வேண்டும். இரண்டு கதவுகள் சந்திக்கும் இடத்தில் டிராயர் வந்தால் அது முழுவதும் வெளியே வராது. கீழ்த் தண்டவாளத்தில் சேரும் தூசியையும் அவ்வப்போது துடைக்க வேண்டும்.

எந்தப் பலகை நல்லது?

எல்லா இடத்துக்கும் ஒரே பலகை என்று பார்க்காமல், எந்தப் பாகத்துக்கு எது என்று பாருங்கள்.

பிளைவுட் திருகை இறுகப் பிடிக்கும், வளைவது குறைவு, ஈரத்தை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். கனம் சுமக்கும் அலமாரிப் பெட்டிக்கும் தட்டுக்கும் என் தேர்வு அதுதான். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். மிக வழவழப்பானது. பெயிண்ட் அடிக்கும் கதவுக்கும், செதுக்கு வேலைப்பாடு உள்ள கதவுக்கும் அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் கனம் அதிகம், விளிம்பில் திருகு போட்டால் பிளக்கும். மரத்துகளை ஒட்டிச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு செலவைக் குறைக்கும். வறண்ட அறையில், குறுகிய தட்டுகளோடு பல வருடம் நிற்கும். அதற்குத் தண்ணீர் மட்டும் ஆகாது. ஒருமுறை ஊறி உப்பினால் பழைய தடிமனுக்குத் திரும்பாது. கெட்டி மரம் அழகுதான். பெரிய அகலப் பலகையாகப் போட்டால் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும் என்பதால், சட்டத்துக்கும் விளிம்புக்கும் அதை வைத்துக்கொள்வது உத்தமம்.

எந்தப் பலகையானாலும் மூன்று விஷயங்களை விடாதீர்கள். ஒன்று, நான்கு விளிம்புகளிலும் எட்ஜ் பேண்ட், அதாவது வெட்டிய விளிம்பை மூடி ஒட்டும் மெல்லிய பட்டை. கண்ணில் படும் முன் விளிம்புக்கு மட்டும் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. ஈரம் நுழைவது மற்ற மூன்று வழியாகத்தான். இரண்டு, கதவின் வெளிப்பக்கம் லேமினேட் என்ற மெல்லிய மேல்தகட்டை ஒட்டினால் உள்பக்கமும் அதே தடிமனில் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு காலப்போக்கில் வில்லாக வளையும். மூன்றாவது, பலகையில் உள்ள பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு. 2004ஆம் ஆண்டு பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. உமிழ்வு குறைந்த பலகை என்பதற்கான முத்திரை, உதாரணமாக ஐரோப்பாவின் இ-1 தரம், பலகையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். படுக்கையறையில் நாம் இரவு முழுவதும் மூச்சு விடுகிறோம். இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. புது அலமாரியைச் சில வாரங்கள் ஜன்னலைத் திறந்து வைத்து, கதவையும் திறந்து ஆறவிடுங்கள்.

தட்டு நடுவில் தொய்ந்து போகாமல் இருக்க என்ன செய்வது?

நீளத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து. ஒரே மாதிரிப் பொருள் நிரம்பிய தட்டு எவ்வளவு வளையும் என்பது, தாங்கிகளுக்கு இடையிலான நீளத்தின் நான்காம் அடுக்கை (நீளத்தை நான்கு தடவை ஒன்றோடொன்று பெருக்கி வருவதை) பொறுத்தது. 30 அங்குலத் தட்டை 36 ஆக்கினாலே வளைவு இரு மடங்காகிவிடும். 60 ஆக்கினால் 16 மடங்கு. தடிமன் இதற்கு நேர்மாறாக வேலை செய்யும்: இரு மடங்கு தடிமன் என்றால் வளைவு எட்டில் ஒன்று.

நடைமுறையில், 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டை 24 அங்குலத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். அதே தடிமன் பிளைவுட் 30 முதல் 36 அங்குலம் வரை தாங்கும். புத்தகம், கோப்பு போன்ற கனமானவற்றுக்கு இன்னும் குறையுங்கள். நீளத்தைக் குறைக்க முடியாத இடத்தில், தட்டின் முன் விளிம்பில் ஒன்றரை அங்குல உயர மரச்சட்டத்தை நிறுத்தி ஒட்டினால் தட்டு வியக்கத்தக்க அளவு விறைப்பாகும். பின் விளிம்பையும் சுவரோடு ஒரு கட்டையில் உட்கார வைக்கலாம்.

அளவெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எந்தச் சுவரும் நேராக இல்லை என்று வைத்துக்கொண்டு அளங்கள். அகலத்தைக் கீழே, நடுவில், மேலே என மூன்று இடங்களில் எடுங்கள்; உயரத்தை இடது, நடு, வலது என மூன்று இடங்களில். மூன்றில் சிறியதுதான் உங்கள் அளவு. மூலை செங்கோணமா என்று பார்க்க, ஒரு சுவரில் 3 அடி, மறுசுவரில் 4 அடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே சரியாக 5 அடி வர வேண்டும். தரை மட்டத்தை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் விட்டு, சுவரின் நெளிவுக்கேற்ப இழைத்த பட்டையால் மூடுவதுதான் சரியான முறை. சுவரோடு சுவராக அளந்து செய்த பெட்டி உள்ளேயே போகாது.

உயரமான பெட்டி செய்யும்போது இன்னொன்று உண்டு. பெட்டியைப் படுக்க வைத்துத்தான் இணைப்பார்கள். பிறகு தூக்கி நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது அதன் மூலைவிட்டம் கூரையைத் தாண்டக் கூடாது. கூரை 96 அங்குலம், பெட்டி 94 அங்குல உயரம், 24 அங்குல ஆழம் என்றால் மூலைவிட்டம் 97 அங்குலம். பெட்டி கூரையில் முட்டி நின்றுவிடும். அதே அறையில் 92 அங்குலத்துக்குள் இருந்தால் நிமிரும். இதனால்தான் அடிப்பீடத்தைத் தனியாகவும் மேல்பரணைத் தனிப் பெட்டியாகவும் செய்கிறார்கள்.

சுவிட்சு, பிளக், ஜன்னல் திறக்கும் வீச்சு, அறைக் கதவின் வீச்சு, சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை, ஏ.சி. எல்லாவற்றையும் படத்தில் குறியுங்கள். மின்சார மெயின் பெட்டியையும் தண்ணீர் வால்வையும் துணிக்குப் பின்னால் ஒளித்து வைக்கக் கூடாது. அவசரத்தில் கை நேராக அங்கே போக வேண்டும்.

ஈரம், பூஞ்சை, பூச்சி வராமல் எப்படிக் காப்பது?

குளியலறைச் சுவரிலோ வெளிச்சுவரிலோ சாய்த்து அலமாரி செய்வதாக இருந்தால், முதலில் அந்தச் சுவரின் கசிவைச் சரிசெய்யுங்கள். கசியும் சுவரை அலமாரியால் மறைத்தால் சேதம் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். வெளிச்சுவர் குளிரும்போது உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டு நீராகும். அசையாத காற்றில் அது காய வழியில்லை. பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலமாவது விடுங்கள். அடிப்பீடத்திலும் மேலேயும் காற்றுத் துவாரங்கள் வையுங்கள். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு வாய்ப்பு குறைவு. அடிப்பீடம் 3, 4 அங்குல உயரத்தில், தண்ணீர் தாங்கும் பொருளில் இருக்கட்டும். தரை துடைக்கும் ஈரம் முதலில் தொடுவது அதைத்தான்.

துணியை அரிப்பது அந்துப்பூச்சியின் புழு. பறக்கும் பூச்சி தின்பதில்லை. கம்பளியும் பட்டும் அதற்கு உணவு, வியர்வையும் கறையும் உள்ள துணி என்றால் இன்னும் பிரியம். துவைத்து, நன்றாகக் காயவைத்து, மூடிய பையில் வைப்பதுதான் உறுதியான காப்பு. கரையான் உள்ள பகுதியில் பெட்டியைச் சுவரில் பொருத்துவதற்கு முன்பே சுவருக்கும் தரைக்கும் மருந்து அடித்துவிட வேண்டும். பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது.

கூரை வரை செய்யலாமா?

செய்யலாம். மேலே தூசி சேர இடமே இருக்காது. ஆனால் மேல் பகுதியில் வருடத்தில் ஓரிரு முறை எடுப்பதை மட்டும் வையுங்கள், கனம் குறைந்ததாகப் பார்த்து. ஏணி எங்கே நிற்கும் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

உள்ளே நடந்து போகும் உடை அறை சிறிய வீட்டுக்குச் சரிவருமா?

ஒருபக்க அலமாரிக்கு 24 அங்குலம், நிற்க 36 அங்குலம். ஆக 5 அடி அகலம் வேண்டும். இருபக்கமும் என்றால் 7 அடி. இதற்குக் குறைந்த அகலத்தில் கட்டினால், நடக்கும் பாதைக்காகத் தரையை இழந்து, வைக்கும் இடமும் குறைந்துபோகும். அந்த இடத்தில் சுவர் முழுக்க நேர் அலமாரி செய்தால் அதைவிட அதிகம் கொள்ளும். ‘ட’ வடிவில் செய்யும்போது, ஒரு சுவரின் கம்பியை மூலை வரை ஓடவிட்டு, மறுசுவரின் அலமாரியை முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். இரண்டு கம்பிகள் மூலையில் சந்தித்தால் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதி, இரண்டு பக்கத் துணியையும் எடுக்க முடியாமல் போகும்.

குழந்தைகள், முதியவர்கள் இருக்கும் வீட்டில்?

உயரமான எந்த அலமாரியையும் சுவரோடு திருகிவிட வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. குழந்தை டிராயரைப் படியாக்கி ஏறும்போது அலமாரி அப்படியே முன்னால் சாயும். சுவரோடு செய்தது என்று சொல்லப்படும் பெட்டிகள்கூட வெறுமனே நிறுத்தப்பட்டிருக்கலாம். திருகு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

குழந்தைக்கான கம்பியை அதன் தோள் உயரத்தில் வைத்து, வருடாவருடம் உயர்த்த வசதி செய்யுங்கள். தன் துணியைத் தானே எடுக்கும் குழந்தை தானே திருப்பி வைக்கவும் பழகும். முதியவர்களுக்கு முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம் முழுவதையும் ஒதுக்குங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் கை எட்டும் எல்லையாக அமெரிக்காவின் 2010 அணுகல் தரம் தரையிலிருந்து 15 முதல் 48 அங்குலம் வரை சொல்கிறது. நல்ல அளவுகோல் அது. குமிழ்ப் பிடியைவிட, விரல் முழுவதும் நுழையும் நீளமான கைப்பிடி வலிக்கும் கைகளுக்கு இதம்.

உள்ளே விளக்கு அவசியமா?

24 அங்குல ஆழமான அலமாரிக்கு, ஆம். முன் சட்டத்தின் உள்பக்கம் செங்குத்தாக ஓடும் எல்.இ.டி. பட்டை எல்லாத் தட்டுக்கும் வெளிச்சம் தரும். மேலே மட்டும் போட்டால் முதல் தட்டோடு நின்றுவிடும். கதவு திறந்தால் எரியும் சென்சார் போடுங்கள். சூடாகும் பழைய குண்டு பல்பைத் துணிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

வாடகை வீட்டில் இருக்கிறோம், செய்யலாமா?

செய்யலாம், ஆனால் பிரிக்கக்கூடிய தனிப் பெட்டிகளாக. ஒவ்வொன்றும் 3 அடி அகலத்துக்குள் இருந்தால் அடுத்த வீட்டில் வேறு வரிசையில் நிறுத்தலாம். சுவரோடு பிடிக்க ஓரிரு திருகுகளுக்கு மட்டும் வீட்டு உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

தச்சரிடமோ நிறுவனத்திடமோ எதை எழுதி வாங்க வேண்டும்?

கதவு மூடிய படம் மட்டும் காட்டுவார்கள். கதவு இல்லாத படம் வேண்டும் என்று கேளுங்கள். ஒவ்வொரு பிரிவின் அகலம், உயரம், ஆழம் அதில் எண்ணாக இருக்க வேண்டும். பலகையின் வகை, தடிமன், பின்பலகையின் தடிமன், எட்ஜ் பேண்டின் தடிமன், கீல், சேனல் ஆகியவற்றின் நிறுவனமும் மாதிரி எண்ணும் எழுத்தில் இருக்கட்டும். ‘நல்ல குவாலிட்டி’ என்ற வார்த்தையை வைத்துப் பின்னால் எதையும் கேட்க முடியாது. பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள், கடைசிப் பங்கைப் பொருத்தி முடித்த பிறகு.

வேலை முடிந்த நாளில் எல்லா டிராயரையும் பொருள் நிரப்பி இழுத்துப் பாருங்கள்; காலியாக நன்றாக ஓடும் டிராயர் கனத்தில் தடுமாறலாம். கதவுகளுக்கு நடுவே இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா என்று பாருங்கள். தட்டின் அடிப்பக்கத்தையும் பின் விளிம்பையும் விரலால் தடவி, எட்ஜ் பேண்ட் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மீந்த லேமினேட் துண்டு ஒன்றையும் இரண்டு கீல்களையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு மாதம் கழித்து, கதவுகள் லேசாக இறங்கியிருக்கலாம். கீலில் இருக்கும் திருகுகளைத் திருப்பினாலே கதவை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்திவிடலாம். அதை எப்படிச் செய்வது என்று பொருத்த வந்தவரிடமே அன்றைக்குக் கற்றுக்கொள்ளுங்கள்.